பிரான்ஸில் பிள்ளைப்பேறு: பாண்டிப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லாஸ்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பெண்கள் பிரான்ஸில் இருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் போதும், மறுநாள் அவள் அம்மா எங்கள் வாசலில் நிற்பார். நான் பாரிஸ் புறநகரில் ஏழு வருடம் இருந்தவள். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு விஷயத்தை அங்கே உங்களைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். இதில் இருப்பது வழி மட்டும்தான்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது. முதலில் எங்கே போக வேண்டும்?

நம் ஊரில் ஜிப்மரோ, எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரியோ, தெரிந்த டாக்டரம்மாவோ, ஓர் இடத்தில் அட்டை போட்டுவிட்டால் போதும். ஸ்கேன், ஊசி, பிரசவம் எல்லாம் அந்த ஒரே கூரைக்குள் நடந்துவிடும். அங்கே மாதாமாதம் பார்ப்பவர் ஒருவர், பிரசவம் நடக்கும் இடம் வேறு, ரத்தம் எடுக்கும் லேப் வேறு, ஸ்கேன் வேறு, பணம் கட்டும் அலுவலகம் வேறு. இவர்களுக்கு நடுவில் தாளைச் சுமந்துகொண்டு ஓடுகிற ஆள் நீங்கள்தான். ஒரு கெட்டி அட்டை ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாத் தாளும் அதில் இருக்கட்டும், பிரசவத்துக்குப் போகும்போது அதுவும் கூட வரட்டும்.

முதல் பரிசோதனை மூன்றாம் மாதம் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். பார்க்கிற டாக்டரோ சாஜ்ஃபாமோ (பிரசவம் பார்க்கவென்றே படித்தவர், கீழே சொல்கிறேன்) கர்ப்பத்தை முறைப்படி அறிவிப்பார்கள். இப்போது பெரும்பாலும் கணினியிலேயே போய்விடுகிறது. தாளாகக் கொடுத்தால் ரோஸ் தாள் மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்கு, நீலத் தாள்கள் குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்துக்கு. இதைத் தள்ளிப்போட்டால் பிறகு வர வேண்டிய பணமெல்லாம் சிக்கலாகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், பிரசவம் பார்க்கும் இடத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். நான் செய்த தப்பு இதுதான். ‘நாலாம் மாசம் ஆகட்டும், வயிறு தெரிந்த பிறகு போவோம்’ என்று இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கவுன்டரில் இருந்த பெண் கணினியைக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதத்துக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டு, என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில்தான் கடைசியில் இடம் கிடைத்தது. பாரிஸ் பக்கம் இருந்தால், வீட்டில் சோதித்துப் பார்த்து இரண்டு கோடு தெரிந்த வாரமே பதிந்துவிடுங்கள். ‘மூணு மாசம் யாரிடமும் சொல்லக்கூடாது’ என்கிற நம் வழக்கம் சொந்தக்காரர்களோடு நிற்கட்டும்.

அங்கே பிரசவ ஆஸ்பத்திரிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை உண்டு. மூன்றாம் நிலை என்றால் குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கு ஒன்றாம் நிலையே தாராளம். ‘ஒன்று’ என்று போட்டிருக்கிறதே, மட்டமோ என்று பயப்பட வேண்டாம்.

சாஜ்ஃபாம் என்றால் நர்ஸா? டாக்டர் பார்க்க மாட்டாரா?

நர்ஸ் இல்லை. ஐந்தாறு வருடம் இதற்கென்றே படித்தவர்கள். பரிசோதிப்பார்கள், மருந்துச் சீட்டு எழுதுவார்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தாங்களே பார்ப்பார்கள். பெயரை அப்படியே தமிழில் மாற்றினால் ‘விவரம் தெரிந்த பெண்’ என்று வரும். நம் பாட்டி காலத்து மருத்துவச்சியை நினைத்துக்கொண்டால் பாதி சரி.

என் முதல் பிரசவத்தில் டாக்டர் என்ற ஒருவரை நான் பார்த்ததே ஊசி போட வந்த மயக்க மருந்து டாக்டரைத்தான். ஊரில் அம்மாவுக்கு இது பொறுக்கவே இல்லை. ‘பெரிய டாக்டர் வந்து பார்க்கவே இல்லையா? என்ன ஆஸ்பத்திரி அது?’ என்று போனில் சண்டை. அங்கே டாக்டர் வரவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். கூட்டமாக வந்து நின்றால்தான் பயப்பட வேண்டும்.

ஸ்கேன் மூணே மூணுதானா?

மூன்றுதான். சுமார் 12, 22, 32 வாரங்களில். கட்டாயப் பரிசோதனைகள் ஏழு: முதல் மூன்று மாதத்துக்குள் ஒன்று, நாலாம் மாதத்திலிருந்து மாதம் ஒன்று. இதோடு 2020-லிருந்து தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிற சந்திப்பு ஒன்றும் கட்டாயம். அதில் வயிற்றைத் தொட மாட்டார்கள். வீட்டில் நிலைமை எப்படி, கணவர் எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள். நான் முதலில் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று நாலு வார்த்தையில் முடிக்கப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை.

இரண்டாம் ஸ்கேனில் ‘என்ன குழந்தை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் நாட்டில் 1994 சட்டப்படி அது குற்றம்; ஸ்கேன் சென்டர் சுவரிலெல்லாம் எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே சட்டப்படி சொல்லலாம். ஆனால் தெரிந்துகொண்டால் ஊரில் யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பதை முதலிலேயே கணவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசி வைக்கவில்லை. மாமியாருக்கு முன்னால் என் தங்கைக்குத் தெரிந்துபோய், அது தனிக் கதை.

ஊரில் சொன்ன தேதி தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ‘இன்னும் ஒரு வாரம் இருக்கிறது’ என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவே இல்லை. நம் ஊரில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணித் தேதி குறிப்பார்கள். பிரான்ஸில் அதே நாளிலிருந்து 41 வாரம். அதனால் அவர்கள் தேதி ஒரு வாரம் பின்னால்தான் வரும். இது தவறு இல்லை, கணக்கு வேறு. மாதக் கணக்கும் அப்படித்தான்: கரு தரித்த நாளிலிருந்து ஒன்பது மாதம் என்பார்கள். நாம் பத்து மாதம் என்போம். ‘எத்தனையாவது மாசம்?’ என்று அத்தை கேட்டால் நம் கணக்கும், அலுவலகத்தில் கேட்டால் அவர்கள் கணக்கும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் மாதமே வேண்டாம், வாரமாகப் பேசுங்கள்.

41 வாரம் முடிந்தும் வலி வரவில்லை என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லிக் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் எவ்வளவு காத்திருப்பது, எப்போது மருந்து கொடுத்து வலி வரவழைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து ‘இந்தத் தேதியில் எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் புரியாமல் விழிப்பார்கள்.

மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள். ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்காக. பூனைக் கழிவு, சரியாக வேகாத கறி, கழுவாத கீரை வழியாக வருவது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தால் முதல் பரிசோதனையோடு விட்டுவிடுவார்கள். இல்லை என்றால் பிரசவம் வரை மாதாமாதம் ஊசிதான். கறியை நன்றாக வேக வைக்கிற நமக்கு இதில் பயம் குறைவு. பாலைக் காய்ச்சாமல் செய்யும் சீஸ்களையும் தவிர்க்கச் சொல்வார்கள், அது வேறு கிருமிக்காக. பப்பாளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பதில்லை. வயது, எடை, குடும்ப வரலாறு பார்த்துத்தான் அனுப்புவார்கள். பாண்டியில் சர்க்கரை இல்லாத குடும்பம் எது?

செலவு எவ்வளவு ஆகும்?

காப்பீட்டுப் பதிவு சரியாக இருந்தால் பயப்படும் அளவுக்கு இல்லை. கட்டாயப் பரிசோதனைகள் முழுவதும் காப்பீட்டில் வரும். முதல் இரண்டு ஸ்கேனுக்கு 70 சதவீதம், மூன்றாவதுக்கு முழுவதும். ஆறாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் வரை பல்வலிக்குப் போனால்கூட மருத்துவச் செலவுக்கு 100 சதவீதம். ஆனால் அது அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மட்டும். தனியார் கிளினிக்கில் கூடுதலாக வாங்கும் டாக்டர்கள் உண்டு. நேரம் வாங்கும்போதே கூடுதல் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணவரோடு புதிதாகப் போன பெண்களுக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காப்பீடு உடனே. வேலை இல்லாமல் போனவர்கள் பொதுவாக மூன்று மாதம் அங்கே தங்கியிருக்க வேண்டும். குடும்பத்தோடு சேர்வதற்கான முறையான அனுமதியில் போனவர்களுக்கு விலக்கு உண்டு. பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால் பிறப்புச் சான்றிதழிலும் கல்யாணச் சான்றிதழிலும், வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போன பிறகு அப்பாவை இங்கே அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்காதீர்கள்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். பெரிய ஆஸ்பத்திரிகளில் போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள், தமிழுக்கும் கிடைக்கும். ஆனால் நேரம் வாங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். கணவரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் நன்றாகப் பிரெஞ்சு பேசுவார். ஆனால் சாஜ்ஃபாம் ஐந்து நிமிஷம் பேசியதை ‘ஒண்ணும் இல்லையாம்’ என்று எனக்குச் சொன்னார். மறுநாள் தோழியிடம் தாளைக் காட்டினால் இரும்புச்சத்து குறைவு என்று எழுதியிருக்கிறது.

சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வலி ‘துலேர்’, ரத்தம் ‘சான்’, தண்ணீர்க்குடம் ‘போஷ் தெ ஸோ’. அவசரத்துக்கு எண் 15.

வலி எடுத்தவுடன் போய்ப் படுத்துவிடலாமா?

திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் பிள்ளை என்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக வலி வந்து ஒன்றிரண்டு மணி நேரம் நீடித்த பிறகு வரச் சொல்வது வழக்கம். குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ மட்டும் எதையும் எண்ணாமல் உடனே போங்கள். நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனேன். வயிற்றில் பட்டை கட்டி அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ‘வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளியுங்கள்’ என்றார் அந்தப் பெண். ஜனவரிக் குளிர். டாக்சியில் வரும்போது அழுகையாக வந்தது. விடிகாலை நாலு மணிக்குத் திரும்பிப் போனபோது அதே பெண்தான், கதவைத் திறந்து ‘இப்போ சரி’ என்று சிரித்தார்.

முதுகில் போடும் வலி மறைப்பு ஊசி அங்கே சர்வ சாதாரணம். வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் எட்டாம் மாதம் வாக்கில் மயக்க மருந்து டாக்டரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், ஊசி வேண்டாம் என்று நினைப்பவர்களும். நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் முன்பே வாங்கி வையுங்கள்.

சிசேரியன் அங்கே ஐந்தில் ஒன்று அளவுக்குத்தான். நீங்களாகக் கேட்டாலும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுகப்பிரசவம் என்றால் மூன்று நாளில் வீடு. பிள்ளை பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து குளிக்கச் சொல்வார்கள், காதில் பஞ்சு வைக்க மாட்டார்கள். அம்மா வீடியோ காலில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா எப்போது வரலாம்? என்ன எடுத்து வரலாம்?

குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். உங்கள் வீட்டில் தங்க வைப்பதற்கான சான்றை நீங்கள் உங்கள் ஊர் மேரியில் வாங்கி அனுப்ப வேண்டும். மேரி என்றால் நகராட்சி அலுவலகம், வேறொன்றும் இல்லை, நம் கடற்கரைச் சாலையில் 2014-இல் இடிந்து விழுந்து திரும்பக் கட்டினார்களே, அதே மேரிதான். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடும் வேண்டும். தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து இறங்கினால் போதும். வளைகாப்புக்கே வந்துவிட்டால் பிள்ளை பிறந்து முகம் பார்க்கும் முன்னால் நாள் தீர்ந்துவிடும். பிரசவ அறைக்குள் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் அனுமதி. கணவரா, அம்மாவா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் நெய் வைக்காதீர்கள். பால், கறி சம்பந்தப்பட்ட எதையும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது. வெண்ணெய் அங்கே அருமையாகக் கிடைக்கும், உருக்கிக்கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பொடியாகக் கொண்டு போங்கள். ஆச்சரியம் என்னவென்றால் மீனுக்கு அனுமதி உண்டு. பால்சுறாக் கருவாட்டை நாலு கவரில் சுற்றி, நடுவில் துணியை வைத்து அடைத்து எடுத்து வந்தார் என் அம்மா. புட்டு செய்த அன்று மேல்வீட்டுக்காரர் வந்து கேஸ் கசிகிறதா என்று கேட்டார். பூண்டு, ஓமம், சுக்கு எல்லாம் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும். லேகியம் சாப்பிடுவதாக இருந்தால் சாஜ்ஃபாமிடம் சொல்லிவிடுங்கள்.

பதினாறாம் நாள்தான் பெயர் வைக்கிற வழக்கம். அதுவரை காத்திருப்பார்களா?

மாட்டார்கள். பிறந்த ஐந்து நாளுக்குள் மேரியில் பதிய வேண்டும். பிறந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாண்டினால் நீதிமன்றம் வரை போக வேண்டி வரும். ‘பெயர் இன்னும் வைக்கவில்லை’ என்ற பதில் அங்கே இல்லை. ஜாதகம் பார்த்து முதல் எழுத்து வாங்க ஐந்து நாள் போதும், ஐயர் போன் எடுத்தால். எங்கள் பெண்ணுக்கு நாலாம் நாள் சாயங்காலம் வரை எழுத்து வரவில்லை. நாங்களே ஒரு பெயரைப் பதிந்துவிட்டு, பதினாறாம் நாள் அதையே மூன்று முறை காதில் சொன்னோம்.

அடுத்த தலைவலி குடும்பப் பெயர். நமக்கு இனிஷியல்தான். அவர்களுக்குப் பெயர் வேறு, குடும்பப் பெயர் வேறு. பாண்டியில் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் குடும்பங்களுக்கு, இந்தத் தொல்லை இல்லை. 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அப்போதே ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள், பேரன் வரைக்கும் அது வருகிறது. மற்றவர்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அங்கே இருப்பதுதான் பிள்ளைக்கும் போகும். காலியாக இருந்தால் போவதற்கு முன்பே சரி செய்யுங்கள்.

அங்கே பிறந்தால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிடும் அல்லவா?

பிறந்ததால் மட்டும் கிடைக்காது. அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலோ, ஒருவர் பிரான்ஸிலேயே பிறந்தவராக இருந்தாலோ பிறக்கும்போதே உண்டு. இருவருமே இந்தியர் என்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிடுங்கள். நம் சட்டம் கேட்பது அது. தள்ளிப்போட்டவர்கள் அப்புறம் தில்லி வரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பேசாமல் ஊருக்கு வந்து பெற்றுக்கொண்டு போகலாமா?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். விமானத்தில் பொதுவாக 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்பார்கள், 36-க்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இங்கே ஆகும் செலவை அந்த ஊர்க் காப்பீடு தராது. பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் பாண்டியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கலாம், வழி சுலபம். இருவரும் இந்தியர் என்றால் குழந்தைக்குத் தனி விசா, அதற்குத் தனி அலைச்சல். என்னைக் கேட்டால் அம்மாவை அங்கே வரவழைப்பதே மேல்.

வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பார்கள்?

சாஜ்ஃபாம் வீட்டுக்கே வருவார். காப்பீட்டு அலுவலகம் அதை ஏற்பாடு செய்யும், ஆஸ்பத்திரியிலேயே சரி என்று சொல்லிவிடுங்கள். நாலாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் நடுவில் உங்கள் மனநிலையைப் பற்றிப் பேசவென்றே ஒரு சந்திப்பு உண்டு, 2022-லிருந்து. இடுப்புக்கு அடியில் சிறுநீரை அடக்கும் தசைக்குப் பயிற்சியும் எழுதித் தருவார்கள். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், முதல் பிள்ளைக்கு நான் விட்டேன், இருமினால் தெரிந்தது. பிள்ளைக்கு ஆறு வயது வரை இலவசமாகப் பார்க்கும் அரசு மையம் பி.எம்.ஐ. பக்கத்திலேயே இருக்கும். பி.சி.ஜி. ஊசி அங்கே பிறந்தவுடன் போடுவதில்லை, கட்டாயமும் இல்லை. ஆனால் நம் நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால் போடச் சொல்வார்கள். நீங்களே கேளுங்கள்.

அப்புறம் பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவ வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆகாது. கடை மையில் ஈயம் இருக்கலாம் என்று அதையும் தடுப்பார்கள். தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டுவதும் கஷ்டம்: 2015 முதல் அங்கே எல்லா வீட்டுக் கூரையிலும் புகை தெரிந்தால் அலறும் கருவி கட்டாயம். என் அம்மா அதை முறத்தால் விசிறிக்கொண்டே நின்றார். அது நிற்கவில்லை. பிள்ளை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.